இழைப்புளியில் பிறந்த ரேசர்!

கள்ளக்குறிச்சி மரச் சிற்ப வேலைக்குப் பேர் போன ஊர். தேக்கிலும் வாகையிலும் சாமி உருவங்கள், வாசல் நிலைகள், அலங்காரப் பலகைகள் இங்கே உருவாகின்றன. இந்தக் கைத்தொழிலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்து இருக்கிறது.

இந்த ஊரில் ஏதாவது ஒரு பட்டறையின் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

ஆசாரி ஒரு பலகையை எடுத்து வைக்கிறார். இழைப்புளியைக் கையில் எடுக்கிறார். உடனே இழைக்கத் தொடங்குவது இல்லை. இழைப்புளியைத் தலைகீழாகத் திருப்புகிறார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் அடிப்பக்கத்தைப் பார்க்கிறார். உள்ளே இருக்கும் தகடு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கிறது என்று கவனிக்கிறார்.

பிறகு சுத்தியலால் தகட்டின் தலையில் ஒரு தட்டு. மெல்லிய தட்டுதான். மறுபடியும் ஒரு பார்வை. இப்போது திருப்தி!

இழைக்கிறார். வெங்காயத் தோல் போல மெல்லிய சுருள் சுருண்டு விழுகிறது.

இன்னும் இரண்டு தட்டுத் தட்டினால் சுருள் தடிமனாக விழும். முரட்டுப் பலகைக்கு அது வேண்டும். மேலும் தட்டினால் தகடு பலகையைக் கவ்விப் பிய்த்துவிடும்.

மரத்துக்கு ஏற்றபடி தகட்டை ஏற்றி இறக்கவேண்டும். இதுதான் இழைப்புளியின் ரகசியம். பலகை இழைக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

இதே ரகசியம்தான், தினமும் காலையில் கோடிக்கணக்கான ஆண்கள் கையில் எடுக்கும் சவர ரேசருக்குள்ளும் இருக்கிறது!

பிரான்ஸ் நாட்டில் ஒரு கத்திக்காரர்

முன்பெல்லாம் சவரம் செய்துகொள்வது சாதாரணக் காரியம் அல்ல. நீளமான சவரக்கத்தி ஒன்றுதான் உண்டு. கை கொஞ்சம் நடுங்கினால் கன்னத்தில் ரத்தம்! கழுத்துப் பக்கம் போனால் இன்னும் ஆபத்து.

ஆகவே சவரம் என்பது பழகிய கைகளின் வேலையாக இருந்தது. நம் நாட்டில் முடிதிருத்தும் தொழிலாளர்கள் அந்த வேலையைச் செய்தார்கள். கத்தி பிடிக்கும் கை உறுதியாக இருந்ததால், கட்டி கீறுவது, புண்ணுக்கு மருந்து போடுவது போன்ற வைத்திய வேலைகளும் அவர்களிடம் இருந்தன. ஐரோப்பாவிலும் அப்படியே. அங்கேயும் சவரம் செய்தவரே பல்லையும் பிடுங்கினார்!

1760-களில் பிரான்ஸ் நாட்டில் பெர்ரே என்று ஒரு கத்தி செய்பவர் இருந்தார். முழுப் பெயர் ஜான் ஜாக் பெர்ரே. அவர் ஒரு நாள் இழைப்புளியைப் பற்றி யோசித்தார்.

இழைப்புளியில் இருப்பதும் கூர்மையான தகடுதான். ஆனால் அது பலகையை ஆழமாக வெட்டுவது இல்லை. ஏன்? மரக்கட்டை அதைத் தடுத்து நிறுத்துகிறது. தகட்டின் நுனி மட்டுமே வெளியே எட்டிப் பார்க்கிறது.

சவரக்கத்திக்கும் இப்படி ஒரு மரத் தடுப்பு மாட்டினால் என்ன?

மாட்டினார். கத்தியின் விளிம்பு மட்டும் கொஞ்சம் வெளியே தெரியும்படி செய்தார். ஆழமாக வெட்ட நினைத்தாலும் வெட்ட முடியாத சவரக்கத்தி பிறந்தது! "தானே சவரம் செய்துகொள்ளும் கலை"யைப் பற்றி அவர் ஒரு புத்தகமே எழுதினார்.

கத்தி வந்தது தடுப்போடு. அடுத்து வந்தது கைப்பிடி.

1847-ல் ஹென்சன் என்ற ஆங்கிலேயர், கத்தியைக் கைப்பிடிக்குக் குறுக்காக வைத்தார். மண்வெட்டியின் இலை அதன் காம்புக்குக் குறுக்காக இருக்கிறது அல்லவா? அப்படி! இன்று நாம் பார்க்கும் ரேசர்கள் எல்லாமே இந்த மண்வெட்டி வடிவம்தான்.

1880-ல் அமெரிக்காவில் காம்ப்பே சகோதரர்கள் இப்படிப்பட்ட ரேசரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். "பாதுகாப்பு ரேசர்" என்ற பொருளில் "சேப்டி ரேசர்" என்ற பெயர் அப்போதுதான் பரவியது.

ஆனால் ஒரு கஷ்டம் பாக்கி இருந்தது. அந்த ரேசரின் கத்தியை அடிக்கடி தோல் வாரில் தீட்டவேண்டும். தீட்டத் தெரியாதவர் என்ன செய்வார்?

மூடி விற்றவர் செய்த மாயம்

ஜில்லெட் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அது ஒரு மனிதரின் பெயர். கிங் கேம்ப் ஜில்லெட் 1855-ம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்தவர். சோடா பாட்டில் மூடி தயாரிக்கும் கம்பெனியில் விற்பனையாளராக வேலை பார்த்தார்.

பாட்டில் மூடியை ஒரு முறைதான் பயன்படுத்துகிறோம். பிறகு தூக்கி எறிந்துவிடுகிறோம். மறுபடியும் புது மூடி தேவைப்படுகிறது. வியாபாரம் நிற்காமல் ஓடுகிறது. "இப்படி ஒரு பொருளை நாமும் கண்டுபிடிக்கவேண்டும்" என்று ஜில்லெட்டுக்கு ஆசை.

1895-ல் ஒரு நாள் காலை. சவரம் செய்ய உட்கார்ந்தார். கத்தி மழுங்கி இருந்தது. அப்போது மூளையில் பளிச்சென்று ஒரு யோசனை! மெல்லிய எஃகுத் தகட்டில் இரண்டு பக்கமும் கூர் வைத்து விற்றால்? மழுங்கியதும் எறிந்துவிட்டு வேறு போட்டுக்கொள்ளலாமே! தீட்டும் வேலையே இல்லையே!

நிபுணர்கள் கையை விரித்தார்கள். அவ்வளவு மெல்லிய தகட்டை உறுதியாக்கிக் கூர் ஏற்றவே முடியாது என்றார்கள். ஆறு ஆண்டுகள் ஓடின. கடைசியில் நிக்கர்சன் என்ற இன்ஜினீயர் அதைச் செய்து காட்டினார்.

1903-ல் விற்பனை தொடங்கியது. அந்த ஆண்டு முழுவதும் விற்ற ரேசர்கள் எத்தனை தெரியுமா?

51! பிளேடுகள் 168!

மறு ஆண்டு, 1904-ல், காப்புரிமை கிடைத்தது. அந்த ஆண்டில் 90 ஆயிரம் ரேசர்கள் விற்றன. முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ வீரர்களுக்காக மட்டும் 35 லட்சம் ரேசர்கள் தயாராயின. போர் முடிந்து வீடு திரும்பிய வீரர்கள், தாங்களே சவரம் செய்துகொள்ளும் பழக்கத்தோடு திரும்பினார்கள்.

பிளேடு நம் ஊருக்கும் வந்தது. ஆனால் பழைய பிளேடுகள் எளிதில் துரு ஏறும். ஈரத்தைத் துடைத்துக் காகிதத்தில் மடித்து வைக்கவேண்டும். மழுங்கிய பிளேடைக் கண்ணாடி டம்ளரின் உள்பக்கத்தில் வைத்து விரலால் தேய்த்துக் கூர் ஏற்றிய தாத்தாக்கள் எத்தனையோ பேர்! 1960-களின் தொடக்கத்தில் துருப் பிடிக்காத எஃகு பிளேடு பரவிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

எல்லா முகமும் ஒரே முகமா?

இப்போது ரேசரைக் கழற்றிப் பார்ப்போம்.

மேலே வளைந்த மூடி. நடுவில் பிளேடு. கீழே தடுப்பு. மூடி அழுத்தும்போது பிளேடு வில்லைப் போல வளைகிறது. பிளேடின் விளிம்புக்கும் தடுப்புக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்கும். ரேசரின் குணத்தை முடிவு செய்வதில் இந்த இடைவெளிக்கு முக்கியமான பங்கு உண்டு.

இடைவெளி குறைவாக இருந்தால் ரேசர் சாது. தோலைக் கீறாது. ஆனால் நான்கு நாள் தாடியை அதனால் சமாளிக்க முடியாது.

இடைவெளி அதிகமாக இருந்தால் ரேசர் முரடு. அடர்ந்த தாடியையும் ஒரே இழுப்பில் எடுத்துவிடும். கவனம் தப்பினால் தோலையும் சேர்த்து எடுத்துவிடும்!

சாதுவுக்கும் முரடுக்கும் எவ்வளவு வித்தியாசம்? பிளேடின் கனம் ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அந்தக் கனத்தைப் போல மூன்று, நான்கு மடங்கு வித்தியாசம் இருந்தாலே போதும். ரேசர் வேறு ரேசராகிவிடும்.

ஜில்லெட்டின் ரேசரில் இந்த இடைவெளி தொழிற்சாலையிலேயே நிர்ணயம் ஆகிவிட்டது. வாங்கியவர் மாற்ற முடியாது.

அரும்பு மீசை முளைத்த 17 வயதுப் பையனுக்கும் அதே இடைவெளி. அடர்ந்த தாடிக்காரருக்கும் அதே இடைவெளி. தோல் சுருங்கிய 70 வயதுத் தாத்தாவுக்கும் அதே இடைவெளி!

எல்லோரும் ஒரே அளவு செருப்பைப் போட்டுக்கொள்ள முடியுமா?

கள்ளக்குறிச்சி ஆசாரி எல்லா மரத்தையும் ஒரே மாதிரி இழைப்பது இல்லை. தேக்குக்கு ஒரு தட்டு. வேறு மரத்துக்கு வேறு தட்டு. இழைப்புளியைப் பார்த்து ரேசர் செய்தவர்கள், தடுப்பை எடுத்துக்கொண்டார்கள். தட்டிச் சரிப்படுத்தும் வசதியை விட்டுவிட்டார்கள்!

1950-களின் கடைசியில்தான் ஜில்லெட் கம்பெனி அந்தக் குறையைத் தீர்க்கும் ரேசரைப் பெரிய அளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் கழுத்தில் ஒரு வளையம் இருந்தது. வளையத்தில் 1 முதல் 9 வரை எண்கள். ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது போல வளையத்தைத் திருப்பவேண்டும். 1-ல் வைத்தால் இடைவெளி குறையும். 9-ல் வைத்தால் கூடும்.

அந்த வரிசையில் 1958-ல் வந்த ஒரு ரேசரின் கைப்பிடி கட்டை குட்டையாக இருக்கும். ஆகவே அதற்குக் "குண்டுப் பையன்" என்று அமெரிக்கர்கள் செல்லப் பெயர் வைத்தார்கள். விலை 1 டாலர் 95 சென்ட். 1961 வரை அது விற்பனையில் இருந்தது.

இன்று உலகம் முழுவதும் பழைய ரேசர் பிரியர்கள் தேடி அலைவது இந்தக் குண்டுப் பையனைத்தான்!

கோவையில் ஒரு ரேசர் மேதை

அந்தக் குண்டுப் பையன் பிறப்பதற்குச் சுமார் 20 ஆண்டுகளுக்கு முன்பே, ரேசரைப் பற்றித் தீவிரமாக யோசித்த ஒருவர் நம் தமிழ்நாட்டில் இருந்தார்.

அவர்தான் கோவை ஜி.டி. நாயுடு!

கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம் வழியாகக் கோவைக்குப் போகிறவர்கள், அவிநாசி சாலையில் 10 கிலோ மீட்டர் நீளமுள்ள ஒரு மேம்பாலத்தைப் பார்க்கலாம். 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட அந்தப் பாலத்துக்கு ஜி.டி. நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டு இருக்கிறது.

அவர் 1893-ல் கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் மனம் செல்லவில்லை. ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவதைப் பார்த்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் வண்டி எப்படி ஓடுகிறது? அதைத் தெரிந்துகொள்ளாமல் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலையில் சேர்ந்தார். காசு சேர்த்தார். மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? ஊர் சுற்றினாரா? இல்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார்! மறுபடியும் பூட்டினார்.

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸுடன் தொழில் தொடங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே அவரே ஓட்டினார். சில ஆண்டுகளில் அவருடைய யு.எம்.எஸ். பஸ் கம்பெனி பெரிய கம்பெனி ஆகிவிட்டது.

அவர் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்தபோது "ரேசன்ட்" என்ற சவரக் கருவியை உருவாக்கினார். அதற்குள் ஒரு சின்ன மோட்டார். டார்ச் விளக்கில் போடுவது போன்ற உலர் மின்கலத்தில் அது ஓடும். மோட்டார் ஜெர்மனியில் ஹைல்பிரான் நகரில் செய்யப்பட்டது.

அப்போது நம் கிராமங்களில் மின்சார விளக்கே அபூர்வம். மின் இணைப்பு இல்லாத இடத்திலும் இயங்கக்கூடிய சவர யந்திரத்தை அந்தக் காலத்திலேயே நினைத்துப் பார்த்தார், கிராமத்தில் பிறந்த அந்த மனிதர்!

அதோடு விடவில்லை. மிக மெல்லிய சவர பிளேடையும் செய்தார். பழச்சாறு பிழியும் கருவி, மண்எண்ணெயில் ஓடும் விசிறி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப் பதிவு யந்திரம் என்று அவர் கண்டுபிடித்தவை பல. சினிமா கேமராவுக்குத் தூரத்தைச் சரிப்படுத்தும் கருவி ஒன்றும் அவற்றில் உண்டு. "சரிப்படுத்துவது" என்பதே அவருக்குப் பிடித்த வேலை போலும்!

1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தரமுடியும் என்று அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் காரைச் செய்து காட்டினார். விலை 2 ஆயிரம் ரூபாய்தான்!

ஆனால் கார் தெருவுக்கு வரவில்லை. தயாரிக்க சர்க்கார் லைசென்ஸ் கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் பெரிய தொழிற்சாலையில் எதைத் தயாரிப்பது என்றாலும் டெல்லியின் அனுமதி வேண்டும்.

1974-ல் நாயுடு காலமானார். அவர் செய்த பொருள்களைக் கோவை அவிநாசி சாலையில் உள்ள கண்காட்சியில் இன்றும் பார்க்கலாம். வெளிநாட்டுக் கருவிகளைப் பார்த்து வியந்தவர்கள் ஏராளம். கழற்றிப் பார்த்து, "நம்மால் இதைவிட நன்றாகச் செய்ய முடியும்" என்று நினைத்தவர்கள் சிலர்தான். அந்தச் சிலரில் அவர் ஒருவர்.

எறிந்துவிடும் காலம்

ரேசரின் கதைக்குத் திரும்புவோம்.

1971-ல் இரண்டு பிளேடுகளைச் சேர்த்து மாட்டிய ரேசர் தலை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பிறகு மூன்று பிளேடு. பிறகு ஐந்து! 1975-ல் பிக் என்ற பிரெஞ்சு கம்பெனி, முழு ரேசரையே எறிந்துவிடும்படி பிளாஸ்டிக்கில் செய்தது.

வேலை சுலபம் ஆயிற்று. ஆனால் செலவு?

பழைய மாதிரி இரட்டை விளிம்பு பிளேடு ஒன்று இன்றும் சில ரூபாய்தான். ஐந்து பிளேடு கொண்ட தலை ஒன்று நூறு ரூபாயைத் தாண்டிவிடும். அந்தத் தலையும் ஒரு கம்பெனியினுடையது இன்னொரு கம்பெனியின் கைப்பிடியில் பொதுவாகப் பொருந்தாது. ஒரு முறை கைப்பிடி வாங்கியவர், அந்தக் கம்பெனிக்கே வாடிக்கைக்காரர்!

குப்பையும் சேர்ந்தது. எஃகும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய தலையைப் பிரிக்க முடியாது. பழைய இரும்புக் கடையிலும் எடுக்கமாட்டார்கள்.

இந்த அலையில் வளையம் வைத்த ரேசர் அடித்துக்கொண்டு போய்விட்டது. தன் முகத்துக்குத் தானே அளவு வைத்துக்கொள்ளும் உரிமையும் அதோடு போயிற்று.

மறுபடியும் பிறந்த குண்டுப் பையன்

கடந்த சில ஆண்டுகளாக ஒரு மாற்றம். அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, சீனா, இந்தியா ஆகிய நாடுகளில் சிறு தயாரிப்பாளர்கள் இப்படிப்பட்ட ரேசரை மறுபடியும் செய்கிறார்கள். அமெரிக்காவில் ரெக்ஸ் என்ற கம்பெனியின் "அம்பாசடர்" ரேசர், பழைய குண்டுப் பையனின் பேரன் என்றே சொல்லலாம். கனடாவில் ராக்வெல் என்ற கம்பெனியைத் தொடங்கியவர்கள், 2014-ல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி வேறொரு வழியைக் கையாண்டார்கள். வளையத்துக்குப் பதிலாக மூன்று அடித்தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் இரண்டு பக்கம். ஆக, ஆறு வகை இடைவெளி!

பழையதைப் பார்த்து அப்படியே வார்த்துவிட்டால் போதாதா?

போதாது. பழைய ரேசர் பித்தளையில் செய்து நிக்கல் முலாம் பூசியது. முலாம் நாளடைவில் போய்விடும். இன்றைய தயாரிப்பாளர் துருப் பிடிக்காத எஃகில் செய்ய விரும்புகிறார். எஃகு கடினமானது. கடைவதற்கு நேரமும் செலவும் அதிகம்.

இன்னொரு சிக்கல், பிளேடின் இரண்டு விளிம்பும் சமமாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் இடைவெளி கூடி, மறுபக்கம் குறைந்தால், வலது கன்னம் ஒரு மாதிரியும் இடது கன்னம் ஒரு மாதிரியும் இருக்கும். அதுவும் ஒரு நிலையில் சமமாக இருந்தால் போதாது. 1 முதல் 9 வரை ஒவ்வொரு நிலையிலும் சமமாக இருக்கவேண்டும். ஒரு மில்லி மீட்டரில் நூறில் சில பங்கு பிசகினாலும் தோல் கண்டுபிடித்துவிடும்!

வளையம் சோப்புக் கையோடு திருப்பும்படி இருக்கவேண்டும். சவரத்தின் நடுவே தானாகத் திரும்பிவிடவும் கூடாது. உள்ளே போகும் சோப்பு நுரை காய்ந்து இறுகினால் வளையம் சிக்கிக்கொள்ளும். ஆகவே கழுவுவதற்கும் வழி வைக்கவேண்டும்.

ஒரே ஒரு நல்ல விஷயம், பிளேடின் அளவு மாறவில்லை. 43 மில்லி மீட்டர் நீளம். 22 மில்லி மீட்டர் அகலம். எந்த நாட்டு பிளேடும் எந்த ரேசரிலும் பொருந்தும். வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்தவர் கள்ளக்குறிச்சிக் கடையில் வாங்கும் பிளேடு, அமெரிக்க ரேசரிலும் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும்!

கிண்ணத்துத் தண்ணீர் கற்பித்த பாடம்

ரேசர் செய்பவர்கள் யாருடைய முகத்தை மனதில் வைத்துக்கொள்கிறார்கள்? இது முக்கியமான கேள்வி.

ஜில்லெட் கம்பெனி 2002-ல் இந்தியாவுக்கு என்று ஒரு ரேசரை அறிமுகம் செய்தது. அதற்கு முன்பு அமெரிக்காவில் படிக்கும் இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். மாணவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். இந்தியாவில் போணி ஆகவில்லை!

காரணம் என்ன? அமெரிக்காவில் மாணவர் குழாயைத் திறந்து ரேசரைக் கழுவினார். இங்கே கிராமத்து மனிதர் எப்படிச் சவரம் செய்கிறார்? திண்ணையில் உட்கார்ந்து, சிறு கண்ணாடியைச் சாய்த்து வைத்து, ஒரு கிண்ணம் தண்ணீரில் ரேசரை நனைத்து நனைத்து எடுக்கிறார். பிளேடுகளுக்கு நடுவே ரோமம் அடைத்துக்கொண்டது. கிண்ணத்துத் தண்ணீருக்கு அது போகவில்லை.

பிறகு கம்பெனி ஆட்கள் இந்தியாவுக்கே வந்தார்கள். 1,000 பேருக்கு மேல் சந்தித்து, 3,000 மணி நேரம் கவனித்தார்கள். 2010-ல் "கார்டு" என்ற ரேசர் வந்தது. ஒரே பிளேடு. எளிதில் கழுவும் அமைப்பு. நாள் கடந்து வளர்ந்த தாடிக்காக முன்னால் சீப்புப் பல். 25 உறுப்புகளுக்குப் பதில் நான்கே உறுப்புகள். அன்றைய விலை 15 ரூபாய். பிளேடு 5 ரூபாய்.

கல்வராயன் மலைக் குடிசையில் இருப்பவரின் கிண்ணத்துத் தண்ணீர், அமெரிக்க இன்ஜினீயருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டது!

ஆனால் இதைக் கற்றுக்கொள்ள வெளிநாட்டுக்காரர் கப்பலேறி வரவேண்டுமா? நம் ஊர்ப் பையன்களுக்கு அந்தக் கிண்ணம் பிறந்தது முதல் தெரியுமே! கோவையிலும் ஓசூரிலும் எஃகைக் கடையும் யந்திரங்கள் இருக்கின்றன. கருவி செய்யத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. இன்று அயல்நாட்டு வளைய ரேசர் ஒன்று பல ஆயிரம் ரூபாய். நம் மக்கள் வாங்கும் விலையில், கிண்ணத்துத் தண்ணீரில் கழுவும்படி, 1 முதல் 9 வரை திருப்பும்படி ஒரு ரேசர் செய்ய முடியாதா? லைசென்ஸ் கேட்டு டெல்லி வாசலில் நிற்கவேண்டிய காலமும் 1991-க்குப் பிறகு பெரும்பாலும் போய்விட்டதே!

திருப்பத் தெரிந்தால் போதும்

வளைய ரேசர் வைத்திருப்பவர்களுக்குச் சில யோசனைகள்:

முதலில் வெந்நீரால் முகத்தை நனைத்து இரண்டு, மூன்று நிமிடம் ஊறவிடவேண்டும். ஊறிய ரோமம் சுலபமாக வெட்டுப்படும்.

புதியவர்கள் எண் 1-ல் தொடங்கவேண்டும். போதவில்லை என்றால் ஒவ்வொரு எண்ணாகக் கூட்டலாம். எடுத்த எடுப்பில் 9-க்குப் போகக்கூடாது.

ரேசரை அழுத்தக்கூடாது. அதன் கனமே போதும். ரோமம் வளர்ந்து இருக்கும் திசையிலேயே இழுக்கவேண்டும்.

நாள் கடந்த தாடி என்றால் முதல் முறை பெரிய எண். இரண்டாம் முறை சிறிய எண். ஆசாரி முரட்டுப் பலகையை முதலில் தடிமனாக இழைத்து, பிறகு மெல்லியதாக இழைப்பது போல!

கடைசியில் குளிர்ந்த தண்ணீர். படிகாரம் தேய்ப்பதும் நல்லது.

ஒருவர் பிளேடை இன்னொருவர் பயன்படுத்தவே கூடாது. அப்பா, மகன் என்றாலும் கூடாது. ரத்தத்தின் வழியாக மஞ்சள் காமாலை, எய்ட்ஸ் கிருமிகள் பரவக்கூடும். சலூனுக்குப் போனால், கண்முன்னே புது பிளேடைப் பிரித்து இரண்டாக ஒடித்துக் கத்தியில் மாட்டுகிறாரா என்று கவனியுங்கள். நல்ல தொழிலாளி கேட்காமலே அப்படிச் செய்வார். பழைய பிளேடுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். குப்பை அள்ளுபவரின் விரலும் விரல்தான்.

பிளேடு ஆளுக்கு ஆள் வேறு. ரேசரோ ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகும். நன்றாகக் கொதிநீரில் கழுவி, புது பிளேடு மாட்டினால் போதும். முதன்முதலாக மீசை அரும்பிய மகனிடம், அப்பா தன் தகப்பனார் வைத்திருந்த ரேசரைக் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன்பு வளையத்தை மட்டும் 1-க்குத் திருப்பி வைத்துவிட வேண்டும்.

அதைத்தானே ஆசாரியும் செய்கிறார்? புதிதாகத் தொழில் பழக வந்த பையனிடம் இழைப்புளியைக் கொடுக்கும்போது, தகட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துத்தான் கொடுக்கிறார். கை பழகப் பழக, பையன் தானே தட்டிக்கொள்வான்.